வீட்டில் வைத்த மருந்து

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'மருந்து' என்று சொன்னால், அடுத்த சொல்லைக் கேட்கிற வரைக்கும் நாம் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மருந்து சாப்பிட்டான் என்றால் சாதாரண நோய். மருந்து அடித்தான் என்றால் பருத்திக்கு. மருந்து குடித்தான் என்றால் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து வைத்தாள் என்றால் சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து ஒருவன் மனசைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறாள். மருந்து எடுத்தான் என்றால், அப்படி வைத்ததை ஒரு வைத்தியக்காரியிடம் போய் வாந்தியாக வெளியே தள்ளிவிட்டு வந்திருக்கிறான். இது இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சென்னையில் இருந்த ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியவில்லை. நான் சொல்லப்போவது அதனால் வந்த வினை.

அப்போது நான் அரியலூர்க் கடைத்தெருவில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்த மனநல கிளினிக்கில் ஆலோசகராக இருந்தேன். டாக்டர் திருச்சியிலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார். மாத்திரை எழுதுவது அவர் வேலை. வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. டாக்டரம்மா என்பார்கள், நான் டாக்டர் இல்லை என்று சொன்னால், "சரிங்க டாக்டரம்மா" என்பார்கள். "சும்மா பேசுறதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தோம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, அப்புறம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆரம்ப வருஷங்களில் இன்சூரன்ஸ் கடிதம் என்று எதுவும் எங்களுக்கு வந்ததில்லை. புதுப்புதுக் கம்பெனிகள் கிராமம் கிராமமாக ஏஜெண்ட் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் வரத் தொடங்கியது. எல்லாக் கடிதமும் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆள் பாலிசி போடுவதற்கு முன்பே நோயாளியா? முன்பே நோய் இருந்து அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், ஆள் செத்த பிறகு குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் டாக்டர் இதற்கு ஒரே கொள்கை வைத்திருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத ஒரு வார்த்த சொன்னாலும் அதுலேருந்து நாலு கேள்வி மொளைக்கும்." என் கொள்கை வேறு. ஒரு மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னது அவனுடையது, செத்தாலும் அவனுடையது. இந்தக் கொள்கையைச் சொல்லும்போதெல்லாம் டாக்டர் சிரிப்பார். அவர் சிரிப்பது எனக்குப் பிடிக்காது.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் மானாவாரி நிலம். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு என்றார். முதல் நாள் டாக்டர் லேசாக ஒரு மாத்திரை எழுதி என்னிடம் அனுப்பினார். அதிகம் பேசாத ஆள். கேட்டால் மட்டும், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி இருந்திருக்குங்களா?"

"ரெண்டு வருசம் முன்ன வவுத்து நோக்காடு. சோறே எறங்கல. வூட்டுல மருந்து வச்சிட்டாங்க. போயி எடுத்துட்டேன். எடுத்தப்புறம் தேவலைங்க."

'வூட்டுல' என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. பெண்டாட்டி பெயரைச் சொல்லாத ஆண்பிள்ளைகளுக்குப் பெண்டாட்டிதான் வீடு. அவர் சொன்னதை அப்படியே, கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கி, கேஸ் ஷீட்டில் எழுதினேன்: 'இரண்டு வருடம் முன்பு வீட்டில் மருந்து வைத்துவிட்டார்கள். போய் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு தேவலை.' டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் லால்குடிக்காரர், அவருக்கும் விளங்கியது.

அதன் பிறகு ஐந்தாறு முறை வந்தார். பேச்செல்லாம் அந்த மருந்தைச் சுற்றியே இருந்தது. வாந்தியில் கறுப்பாக ஒரு உருண்டை வந்ததாம், வைத்தியக்காரி இலையில் எடுத்துக் காட்டினாளாம். என் வேலை எதுவோ அதைச் செய்தேன். அந்த உருண்டை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க வைத்தேன். அந்த அம்மா வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி உருண்டையைத்தானே காட்டியிருப்பாள் என்றேன். பெண்டாட்டி எப்படிப்பட்டவர் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். கடைசி முறை வந்தபோது, "வூட்டுல அப்புடி செஞ்சிருக்க மாட்டாங்க. நாந்தான் கிறுக்குத்தனமா நெனச்சிட்டேன்" என்றார். நன்றாகத் தூங்குவதாகவும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'மனைவி மீதான சந்தேகம் முற்றிலும் நீங்கியது' என்று எழுதிக் கேஸை முடித்தேன்.

சில மாதம் கழித்து அவர் செந்துறை பஸ்ஸுக்கு நின்றிருந்த இடத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். எங்களுக்கு அது தெரியாது. ஒரு நாள் கையில் ரெக்சின் பையோடு வந்த ஒரு விசாரணைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் விசாரிப்பவர். கெட்ட மனிதர் இல்லை. இறந்தவர் எங்களிடம் வருவதற்கு ஒரு வருஷம் முன்புதான் பாலிசி போட்டிருந்தார். போட்டுக் கொஞ்ச காலத்திலேயே ஆள் செத்தால் கம்பெனி விசாரிக்காமல் பணம் தராது. வீட்டில் என்னென்ன வைத்தியச் சீட்டு இருக்கிறது என்று விசாரணைக்காரர் கேட்டிருக்கிறார். அவர் மனைவி சூதுவாது தெரியாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார், எங்கள் கிளினிக் சீட்டு உட்பட.

"தேதி மட்டும் தரேன். பேசினதெல்லாம் தர முடியாது" என்றேன்.

"மேடம், அந்தம்மாவே எல்லா ரெக்கார்டும் பாக்கலாம்னு க்ளைம் பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"எதுல கையெழுத்துப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அத நான் எப்படி மேடம் சொல்றது?"

அன்றைக்குப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை நான் ஒரு சாவுக்குக் கீழப்பழுவூர் போயிருந்தபோது வந்து டாக்டரைப் பார்த்திருக்கிறார். டாக்டர் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். "அதுல என்னம்மா இருக்கு? தூக்கமில்ல, படபடப்பு. ஒண்ணுமில்ல" என்றார் என்னிடம். ஒன்றுமில்லைதான், அரியலூரில் படித்தால்.

சென்னையில் யாரோ அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள். ஒரு சொல்கூடத் தவறில்லை. வீட்டிலேயே மருந்து வைத்திருந்தார்கள், போய் மருந்து எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்ட பிறகு குணம் தெரிந்தது. ஆக, பாலிசிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே இவருக்கு ஒரு நோய் இருந்திருக்கிறது, வீட்டில் வாங்கி வைத்துத் தின்கிற அளவுக்கு. அதை மறைத்துத்தான் பாலிசி போட்டிருக்கிறார். கம்பெனி கடிதத்தில் எங்களிடம் கேட்டிருந்தது இரண்டே கேள்வி. அந்த நோய் என்ன? அந்த மருந்தின் பெயர் என்ன?

மருந்தின் பெயர்! படித்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். அப்புறம் டாக்டர் அந்தப் பாலிசியைப் போட்டுக் கொடுத்த ஏஜெண்டிடம் போனில் பேசிவிட்டுச் சொன்னார்: நாங்கள் பதில் எழுதாவிட்டால் க்ளைமைத் தள்ளிவிடுவார்கள். இறந்தவரின் பெரிய பெண் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள், பணம் வராவிட்டால் அவளை நிறுத்திவிட்டுத் தாயோடு முந்திரிக்கொட்டை உடைக்க அனுப்ப வேண்டியதுதான் என்று ஏஜெண்ட் சொன்னாராம்.

"அது மாத்திரை இல்ல, நாட்டுப்புற நம்பிக்கைன்னு ஒரு வரி எழுதிடலாம்" என்றார் டாக்டர்.

"என்ன நம்பிக்கைன்னு கேப்பாங்களே சார்."

"பொண்டாட்டி வசிய மருந்து வச்சிட்டதா நம்பினாருன்னு எழுதணும்."

"அப்படி எழுதினா, அப்பவே மனநோய் இருந்திருக்கும்பாங்க. இல்லாதத இருக்கிறதா நம்பினா அதுக்குப் பேரு என்னன்னு நம்ம புஸ்தகத்துலயே இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து அடுப்பில் விழுந்த கதை. மாத்திரை தின்றார் என்று விட்டாலும் பணம் போச்சு, தின்னவில்லை என்று விளக்கினாலும் போச்சு. இதில் இன்னொன்றும் இருந்தது. கடிதத்தின் நகல் ஏஜெண்ட் கைக்குப் போகும். ஏஜெண்ட் அந்த அம்மா புருஷனுக்குப் பங்காளி, அடுத்த தெரு. தாலி அறுத்த பொம்பளை, புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்ற பேரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்த அம்மாவைக் கேட்காமல் ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்றேன். டாக்டர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஏஜெண்ட் மூலமாகச் சொல்லியனுப்பினோம், காரணம் சொல்லாமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக வந்தார். மெலிந்த உடம்பு, முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். அவர் கணவர் இங்கே பேசியதை நான் யாரிடமும் சொல்வதில்லை, இப்போது ஒரு நெருக்கடி வந்ததால் கேட்கிறேன், என்று பெரிய முன்னுரையாக ஆரம்பித்தேன்.

"மருந்து எடுத்தத சொல்றீங்களா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஒரு பொம்பளகிட்டப் போறேன்னாரு. நாந்தான பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்புனேன்."

நான் மெதுவாகச் சொன்னேன், மருந்து வைத்தது யார் என்று அவருக்கு அப்போது ஒரு எண்ணம் இருந்தது என்று. அதையும் முடிக்க விடவில்லை.

"நாந்தாங்க வச்சேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணந்தம்பிக்குள்ள நெலம் பிரிஞ்சுதுங்க. அதுலேருந்து மனுசன் வாயத் தொறக்கல. கொல்லைக்குப் போவாரு, வருவாரு, திம்பாரு, படுப்பாரு. ஏன்னு கேட்டா பதிலு இல்ல. செவுத்தோட குடும்பம் நடத்துன மாதிரி ஒரு வருசம். ஒருத்தி சொன்னா, இந்தப் பொடிய மூணு நாளு கொழம்புல போடு, ஒங்கிட்ட ஒக்காந்து பேசுவாருன்னு. கருவாட்டுக் கொழம்புல போட்டேன். வவுத்தப் புடிச்சிக்கிட்டுப் படுத்துட்டாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. எடுக்கப் போறேன்னாரு, போங்கன்னேன்."

 ஐந்தாறு முறை அந்த மனிதரை எதிரே உட்கார வைத்து, பக்குவமாக, படித்த படிப்பையெல்லாம் காட்டி நான் எடுத்துப்போட்டது ஒரு உண்மையை. உண்மையை நம்பியபோது அவர் என்னிடம் நோயாளி. பொய்யை நம்ப ஆரம்பித்ததும் குணமானவர் என்று எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் எனக்கு என் தொழில் மேலேயே எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அது நோயே இல்லம்மா! இருந்தத இருக்குன்னுதான் சொல்லியிருக்காரு. பொடியில வயிறு கெட்டுச்சு, வாந்தி எடுத்தாரு, சரியாப் போச்சு. அந்தம்மா எழுதிக் குடுத்தா கம்பெனி வாயத் தொறக்க முடியாது." கிணறு வெட்டத் தண்ணீரே கிளம்பிவிட்ட சந்தோஷம் அவருக்கு. ஆனால் அந்த அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். தன் கையாலேயே, புருஷனுக்கு மருந்து வைத்தேன் என்று, பங்காளி கைக்குப் போகிற காகிதத்தில்.

அடுத்த வாரம் வரச் சொல்லி, இதையெல்லாம் விளக்கினேன். ஊரில் என்ன பேசுவார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்றேன். வேறு வழி எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"பேசுனா பேசிட்டுப் போறாங்க" என்றார். "எந்தப் பொம்பள வைக்கல? வச்சவளுவ எல்லாம் எந்திரிங்கன்னா எங்க தெருவுல ஒருத்தி ஒக்காந்திருக்க மாட்டா. எழுதுங்க."

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்து, கம்பெனி பணம் கொடுத்தது. பெண் பயிற்சியை முடித்தாள். நான் பயந்த மாதிரி ஊரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை என்று ஏஜெண்டே பிறகு சொன்னார். நான் பயந்தது வேறொன்றுக்கு, அந்த அம்மாவுக்கு நடந்தது வேறொன்று. அது நடந்தது கிளினிக்கில் என் மேஜையில்தான், கையெழுத்துப் போடுகிற நேரத்தில்.

கடிதத்தை டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதியிருந்தேன். இந்த மாதிரிக் காகிதத்தின் அடியில் ஒரு வாசகம் போடுவது வழக்கம்: 'மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, கேட்டேன், சரியே.' பெரும்பாலும் யாரும் படித்துக் காட்டுவதில்லை. விரலை வைத்துக் காட்டி, இங்கே போடுங்கம்மா என்பார்கள். முன்பு அவர் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தால் வந்த வம்புதானே இவ்வளவும் என்று, நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

அவர் சொன்னதெல்லாம் முதலில் வந்தது. நிலம் பிரிந்தது, பொடி, வயிற்றுவலி, வாந்தி. ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். கடைசி வரி டாக்டருடையது. எங்களிடம் வந்த காலத்திலும் அவருக்கு நீடித்த மனநோய் எதுவும் இல்லை என்று காட்ட அது கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதையும் படித்தேன்: 'இறுதியாக வந்தபோது, தன் மனைவி அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று முழுமையாக நம்பினார்.'

'ஆமாங்க' வரவில்லை.

"அது என்னங்க?" என்றார்.

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். "கடைசில உங்க மேல அவருக்குச் சந்தேகமே இல்லம்மா. நீங்க வச்சிருக்க மாட்டீங்கன்னு அவர் வாயாலேயே சொன்னார்" என்றேன்.

"அப்ப, அவருக்குத் தெரியாதுங்களா?"

"முதல்ல நெனச்சார். அப்புறம்..."

"ஐயையோ" என்றார். சத்தமாக இல்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"மருந்து எடுத்துட்டு வந்த அன்னிக்கி, கைகால் கழுவிட்டு வந்து சோறு போடுன்னாருங்க. நான் போட்டேன். பெசஞ்சி தின்னாரு. அதுக்கப்புறமும் ஒரு நாளு ஒரு வேள எங்கையால திங்க மாட்டேன்னு சொல்லல. நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? தெரிஞ்சும் திங்கிறாரு, இந்த மனுசன் வாயத் தொறந்து பேசாட்டி என்ன, இதுக்கு மேல ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட என்ன பேசணும்னு நெனச்சேன். அத வச்சித்தாங்க இத்தன நாளு..."

 முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காகிதத்தைக் காட்டிக் கேட்டார். "அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துட்டா பணம் வராதுங்களா?"

வரும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"வராதும்மா" என்றேன்.

பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.